மீன் தொட்டி ஸ்டாண்டு: எடை தரைக்கு இறங்கும் வழியும் அதைச் சரியாக அமைக்கும் முறையும்

ஸ்டாண்டு வாங்கப் போகிறவர்களும் செய்யச் சொல்கிறவர்களும் முதலில் கேட்பது "இவ்வளவு எடையைத் தாங்குமா?" என்றுதான். நேர் கீழாக இறங்கும் எடையைத் தாங்குவது காலுக்கு எளிய வேலை. 40 மி.மீ. சதுரப் பைப்பில் 2 மி.மீ. கனமுள்ள ஒரு கால், குட்டையாக நேராக நின்றால், சில டன் எடையையே தாங்கும். 4 அடித் தொட்டியை நான்கு கால்கள் தாங்கினால் ஒரு காலுக்கு வருவது 90 கிலோகூட இல்லை. ஆனாலும் தொட்டிகள் விரிசல் விடுகின்றன, மூலையில் ஒழுகுகின்றன. அதற்குக் காரணங்கள் மூன்று: மேல்சட்டம் நடுவில் தொய்வது, ஸ்டாண்டு பக்கவாட்டில் ஆடுவது, நான்கு மூலைகளும் ஒரே தளத்தில் இல்லாமல் முறுக்கிக்கொண்டிருப்பது. இந்த மூன்றையும் தடுக்கிற ஸ்டாண்டு எடையைத் தானாகவே தாங்கிவிடும்.

முதலில் எடை

வீட்டில் அதிகம் வைக்கப்படும் 4 அடி நீளம், 1½ அடி அகலம், 1½ அடி உயரத் தொட்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தக் கொள்ளளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 255 லிட்டர். விளிம்புவரை யாரும் நிரப்புவதில்லை என்பதாலும், மணலும் கல்லும் இடத்தை எடுத்துக்கொள்வதாலும் உண்மையில் நிற்கும் நீர் 200 லிட்டர் அளவுதான். அது 200 கிலோ.

கண்ணாடியின் எடையைக் கணக்கிட எளிய வழி உண்டு. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மி.மீ. கனத்துக்கும் 2½ கிலோ இருக்கும். இந்தத் தொட்டியின் ஐந்து பக்கங்களும் சேர்ந்து 2.1 சதுர மீட்டர். 10 மி.மீ. கண்ணாடி என்றால் 52 கிலோ. அடியில் 5 செ.மீ. உயரத்துக்கு மணலோ சரளையோ பரப்பினால் 40 கிலோவைத் தாண்டும். அலங்காரக் கல், மரக்கட்டைக்கு 20 கிலோ. மூடி, விளக்கு, ஃபில்டருக்கு 10 கிலோ. கூட்டினால் 325 கிலோ வருகிறது. கற்களைக் கூடுதலாக அடுக்குகிறவர்கள் உண்டு, தொட்டியின் விளிம்பில் கையூன்றி எட்டிப் பார்க்கிறவர்களும் உண்டு. ஆகவே ஸ்டாண்டுக்கு 350 கிலோ என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுவோம்.

"200 லிட்டர் தொட்டி, 200 கிலோ" என்று கணக்குப் போட்டு ஸ்டாண்டு செய்வது பரவலாக நடக்கும் தவறு. மணல், கல், கண்ணாடி மூன்றும் சேர்ந்தால் நீரின் எடையில் பாதிக்கு மேல் கூடிவிடுகிறது.

தொய்வுதான் உண்மையான எதிரி

350 கிலோவில் பாதி முன்பக்கச் சட்டத்துக்கும் பாதி பின்பக்கச் சட்டத்துக்கும் போகிறது. 4 அடி நீளச் சட்டம் இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்டு, 175 கிலோ அதன் மேல் சீராகப் பரவியிருந்தால் என்ன ஆகும்?

25 மி.மீ. (1 இன்ச்) சதுரப் பைப், 2 மி.மீ. கனம்: நடுவில் ஏறத்தாழ 12 மி.மீ. தொய்யும். உடையாது; அதனால்தான் "நல்லாத்தானே நிக்குது" என்று தோன்றும். ஆனால் கண்ணாடியால் 12 மி.மீ. வளைய முடியாது.

40 மி.மீ. (1½ இன்ச்) சதுரப் பைப், அதே 2 மி.மீ. கனம்: சுமார் 2.6 மி.மீ.

அதே 40 மி.மீ. பைப்புக்கு நடுவில் ஒரு கால் கொடுத்தால்: 0.2 மி.மீ.கூட இல்லை.

கடைசி வரிதான் இந்தக் கட்டுரையின் மிகப் பயனுள்ள தகவல். இடைவெளியைப் பாதியாக்கினால், ஒவ்வொரு பாதிக்கும் வரும் எடையும் பாதியாகிறது. இரண்டும் சேர்ந்து தொய்வை பதினாறில் ஒரு பங்காகக் குறைத்துவிடுகின்றன. விலை கூடிய கனமான பைப்புக்குப் போவதைவிட நடுவில் ஒரு ஜோடிக் கால் சேர்ப்பது மலிவு, பலனும் பல மடங்கு. 3 அடிக்கு மேற்பட்ட எந்தத் தொட்டிக்கும் நடுக்கால் வையுங்கள்.

செவ்வகப் பைப் பயன்படுத்தினால் அதைக் குத்தாக வைக்க வேண்டும். 50×25 மி.மீ. பைப்பைப் படுக்க வைப்பதற்கும் நிமிர்த்தி வைப்பதற்கும் விறைப்பில் மூன்று மடங்கு வேறுபாடு. பட்டறையில் "படுக்க வெச்சா தொட்டி உட்கார அகலமா இருக்கும்" என்பார்கள். அந்த அகலத்தை மேலே போடும் பிளைவுட் கொடுத்துவிடும். பைப்பை நிமிர்த்தியே வைக்கச் சொல்லுங்கள்.

சட்டம் தொய்யும்போது தொட்டிக்குள் நடப்பதையும் புரிந்துகொள்வது நல்லது. முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒன்றரை அடி உயரமுள்ள உத்திரங்கள் மாதிரி. அவை வளைய மறுக்கும். கீழே சட்டம் நழுவிப் போனதும் தொட்டி தன் இரு முனைகளில் மட்டும் உட்காரத் தொடங்குகிறது. சீராகப் பரவியிருந்த எடை முழுவதும் நான்கு மூலைகளுக்குப் போய்ச் சேர்கிறது. அடிக்கண்ணாடி நடுவில் ஆதரவில்லாமல் நீரையும் மணலையும் சுமந்து கீழ்நோக்கி இழுக்க, நீளவாட்டு சிலிக்கான் ஒட்டு இழுபடுகிறது. அது ஒரே நாளில் விட்டுவிடாது. சில மாதங்கள் கழித்து அடிமூலையில் ஒரு சொட்டு நீர் நிற்கும்போது பழி சிலிக்கானின் மேல் விழும்.

4 அடித் தொட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு: வெட்டும் அளவுகள்

40×40×2 மி.மீ. எம்.எஸ். (சாதாரண இரும்பு) சதுரப் பைப். கடையில் 14 கேஜ் என்று கேளுங்கள். 16 கேஜ் 1.6 மி.மீ., 18 கேஜ் 1.2 மி.மீ. தான் இருக்கும். 18 கேஜில் வெல்டிங் செய்யும்போதே ஓட்டை விழக்கூடும், தொட்டி ஸ்டாண்டுக்கு அது வேண்டாம். 6 மீட்டர் பைப் இரண்டு போதும்.

மேல்சட்டம் வெளி அளவில் 1230×470 மி.மீ.; தொட்டியைவிட இருபுறமும் சில மி.மீ. கூடுதல். அதற்கு 1230 மி.மீ. நீளத்தில் 2 துண்டுகள், இடையில் குறுக்காக 390 மி.மீ. நீளத்தில் 5 துண்டுகள் (இரு முனைகளில், நடுவில், நடுவுக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையில் ஒன்று). கால்கள் 705 மி.மீ. நீளத்தில் 6. தரையிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் கால்களை இணைக்கும் கீழ்ச்சட்டத்துக்கு 555 மி.மீ. துண்டுகள் 4, இரு முனைகளுக்கு 390 மி.மீ. துண்டுகள் 2. முதல் பைப்பில் 1230 துண்டுகள் இரண்டும், கால்கள் நான்கும், 555 துண்டு ஒன்றும் அடங்கும். மீதி எல்லாம் இரண்டாவது பைப்பில். பிளேடு தின்னும் அளவைச் சேர்த்தாலும் இடம் மிஞ்சும். பைப்பின் எடை மட்டும் சுமார் 28 கிலோ வரும்.

இந்த அளவுகளில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: மேல்சட்டத்தின் நீளத் துண்டு கால்களின் தலைமேல் உட்காருகிறது. கால்களுக்கு இடையில் துண்டுகளை நுழைத்து வெல்டிங்கில் தொங்கவிடவில்லை. எடை பைப்பிலிருந்து பைப்புக்கு நேராக இறங்க வேண்டும். வெல்டிங்கின் வேலை அவற்றை இடம் பெயராமல் பிடித்திருப்பது மட்டும். மரத்தில் செய்தாலும் இதே விதி. திருகாணியில் எடை தொங்கக் கூடாது, மரத்தின் மேல் மரம் உட்கார வேண்டும்.

காலின் அடியில் 75×75×5 மி.மீ. தகடு. அது இல்லாமல் பைப்பின் வெட்டுமுனை நேராக டைல்ஸில் நின்றால், மெல்லிய விளிம்பில் அவ்வளவு எடையும் குவியும். கீழே சிமெண்ட் சரியாக நிரம்பாத டைல்ஸ் என்றால் உடைந்துவிடும். தகடு பைப்பின் வாயையும் அடைத்துவிடுகிறது. கீழே சிந்தும் நீர் உள்ளே ஏறினால் காலை உள்ளிருந்தே துரு தின்னும். வெளியே பெயிண்ட் பளபளப்பாகவே இருக்கும். மேல்சட்டத்தின் திறந்த முனைகளையும் மறக்காமல் மூடச் சொல்லுங்கள்.

பக்கவாட்டு ஆட்டத்துக்கு, பின்புறத்தில் இரு கட்டங்களிலும் 25×5 மி.மீ. பட்டையைப் பெருக்கல் குறி வடிவில் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். முன்புறம் திறந்திருக்க வேண்டும் என்றால் மேல்மூலைகளில் 100 மி.மீ. முக்கோணத் தகடுகள் (3 மி.மீ. கனம்) போதும். இரண்டு பக்கங்களிலும் அதே மூலைத்தகடு. நான்கு பக்கச் சட்டம் எதுவானாலும், மூலைவிட்டத்தில் பிடிப்பு இல்லாவிட்டால் சரிந்த செவ்வகமாகும். ஒன்றரை அடி அகலத்தில் நிற்கும் 350 கிலோவை ஒரு குழந்தை பிடித்து இழுக்கும்போது இந்தப் பட்டைகள்தான் காப்பாற்றும்.

ஸ்டாண்டின் உயரம் அகலத்தின் இரு மடங்குக்குள் இருப்பது நல்லது. 1½ அடி அகலத்துக்கு 2½ அடி உயரம் வசதி. 1 அடி அகலத் தொட்டியை 3 அடி உயரத்தில் வைத்தே ஆக வேண்டும் என்றால், ஸ்டாண்டின் மேல்சட்டத்தை இரண்டு இடங்களில் சுவரோடு ஆங்கர் போல்ட் போட்டுப் பிடிக்க வேண்டும்.

பட்டறையில் நிற்கும்போது

வெல்டிங் சூட்டில் இரும்பு இழுக்கும். ஒரு மூலையை முழுதாக முடித்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால் சட்டம் முறுக்கிக்கொள்வது நிச்சயம். எல்லா மூலைகளிலும் முதலில் டேக் (பொட்டு வைத்த மாதிரி சிறு வெல்டிங்) மட்டும் வைக்கச் சொல்லுங்கள். பிறகு டேப்பை எடுத்து இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மி.மீ.க்குள் இருந்தால் சட்டம் மூலைமட்டத்துக்கு இருக்கிறது. அதற்குப் பிறகே முழு வெல்டிங், அதுவும் எதிரெதிர் மூலைகளாக மாறி மாறி.

மூலைவிட்டம் சரியாக இருப்பது சதுரத்தைத்தான் காட்டும், முறுக்கைக் காட்டாது. முறுக்குக்கு நூல் சோதனை. மேல்சட்டத்தின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு நூல்களை இறுக்கிக் கட்டுங்கள். நடுவில் சந்திக்கும் இடத்தில் ஒன்றை ஒன்று லேசாகத் தொட வேண்டும். அடுத்து மேல்நூலைக் கீழேயும் கீழ்நூலை மேலேயும் மாற்றிக் கட்டிப் பாருங்கள். இரண்டு முறையும் வெறுமனே தொட்டால் தளம் சமம். ஒரு முறை இடைவெளியும் மறுமுறை அழுத்தமும் தெரிந்தால் ஒரு மூலை உயர்ந்திருக்கிறது. பத்து நிமிடம்கூட ஆகாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஸ்டாண்டை வண்டியில் ஏற்றாதீர்கள்.

மேல்பரப்பில் வெல்டிங் மேடு ஒன்றுகூட இருக்கக் கூடாது. கிரைண்டரால் சமமாகத் தேய்த்து, விரலால் தடவிப் பார்த்தால் தட்டுப்படாத அளவுக்கு வர வேண்டும். 2 மி.மீ. மேட்டின் மேல் கண்ணாடி உட்கார்ந்தால் அந்தப் புள்ளியிலிருந்துதான் விரிசல் கிளம்பும்.

பிறகு துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு ஒரு கோட், காய்ந்ததும் எனாமல் இரண்டு கோட். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களிலும், உப்புநீர்த் தொட்டிக்கும் எபாக்ஸி பெயிண்ட் அடித்துவிடுவது நல்லது. ஜி.ஐ. பைப் என்றால் வெல்டிங் செய்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். அந்த இடங்களைத் தேய்த்து ஜிங்க் பிரைமர் அடிக்காவிட்டால் துரு அங்கேதான் தொடங்கும். ஜி.ஐ. வெல்டிங் புகை நெஞ்சுக்குக் கெடுதல், திறந்த வெளியில் செய்யச் சொல்லுங்கள்.

கடையில் கிடைக்கும் ஆங்கிள் ஸ்டாண்டு

மீன் கடைகளில் தொட்டியோடு சேர்த்துத் தரும் ஸ்டாண்டு பெரும்பாலும் எல் ஆங்கிளில் செய்ததுதான். ஆங்கிளின் நிமிர்ந்த விளிம்புக்குள் தொட்டி பதிந்து உட்காரும். வழுக்காது என்பது அதன் நன்மை. குறைகள் மூன்று. தொட்டியின் அடிக்கண்ணாடி சுற்றிலும் மூன்று செ.மீ. அகலத்தில் மட்டும் ஆதரவு பெறுகிறது, நடுவில் ஒன்றும் இல்லை. ஆங்கிளின் உள்மூலை கூர்மையாக இருக்காது, லேசாக வளைந்திருக்கும்; கண்ணாடியின் விளிம்பு அந்த வளைவில் ஏறிக்கொண்டு நின்றால் எடை முழுவதும் ஒரு கோட்டில் விழும். மூன்றாவது, சிந்தும் நீர் விளிம்புக்குள் தேங்கித் துருப்பிடிக்கும்.

2 அடித் தொட்டிவரை இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல், ஆங்கிளுக்குள் சரியாகப் பொருந்தும்படி 18 மி.மீ. பிளைவுட் வெட்டிப் போடுங்கள்; வளைவில் ஏறாதபடி பிளைவுட்டின் கீழ்விளிம்பை லேசாகச் சீவிவிடுங்கள். 3 அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு குறுக்கு ஆங்கிளும் ஒரு ஜோடிக் காலும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இரண்டு அடுக்கு ஸ்டாண்டில் பெரிய தொட்டி எப்போதும் கீழே. மேல்தொட்டியின் எடை முழுவதும் கால்கள் வழியாகத்தான் இறங்குகிறது, ஆகவே கால் தரையிலிருந்து உச்சிவரை ஒரே துண்டாக இருக்க வேண்டும்.

பிளைவுட் பெட்டியாகச் செய்தால்

18 மி.மீ. பி.டபிள்யூ.பி. (கொதிநீரையும் தாங்கும்) பிளைவுட், அதாவது ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை உள்ளது, இதற்கு ஏற்றது. பார்ட்டிக்கிள் போர்டும் எம்.டி.எஃப்.பும் காய்ந்திருக்கும்வரை எடையைத் தாங்கும். ஒரு முறை நீர் ஊறினால் உப்பி, பிறகு பழைய பலத்துக்குத் திரும்பாது. மீன் தொட்டிக்குக் கீழே நீர் சிந்தாத வீடு கிடையாது. டி.வி. ஸ்டாண்டு, ஷோகேஸ், புத்தக அலமாரி ஆகியவற்றின் மேல் தொட்டியை வைக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். அவற்றின் மேல்பலகை நடுவில் ஆதரவின்றி நீளமாகப் போகிறது, அதுவும் பெரும்பாலும் பார்ட்டிக்கிள் போர்டு.

பெட்டியில் எடையைச் சுமப்பவை நிமிர்ந்து நிற்கும் பலகைகள்: இரண்டு பக்கப் பலகைகள், நடுவில் ஒரு தடுப்பு. மூன்றும் தரைவரை இறங்க வேண்டும், மேல்பலகை அவற்றின் தலைமேல் உட்கார வேண்டும். பார்ப்பதற்கு இணைப்பு தெரியக் கூடாது என்று மேல்பலகையைப் பக்கப் பலகைகளுக்கு நடுவில் நுழைத்தால் எடை முழுவதும் திருகாணிகளின் தலையில். முன்பக்கத்தில் கதவுக்கு மேலே 100 மி.மீ. உயரப் பட்டையை நிமிர்த்தி வைத்தால் மேல்பலகை தொய்யாது. பின்பலகை 12 மி.மீ., நான்கு பக்கமும் 15 செ.மீ. இடைவெளியில் திருகாணி, கூடவே மரப்பசை. ஆட்டத்தை நிறுத்துவது இந்தப் பின்பலகைதான், இதைத் தவிர்த்துவிட்டு ஒயர் போக வசதி என்று திறந்து விடாதீர்கள். குழாய்க்கும் ஒயருக்கும் நடுப்பகுதியில் வட்ட ஓட்டை போடுங்கள், மூலையை வெட்டாதீர்கள். வெட்டுமுனைகளில்தான் நீர் ஏறும். கதவின் அடி, ஓட்டையின் உள்விளிம்பு உட்பட எல்லா முனைகளுக்கும் பெயிண்டோ பி.யூ. பூச்சோ அடியுங்கள்.

சமையலறை அலமாரிக்குப் போடும் பிளாஸ்டிக் கால்களைப் பெட்டியின் நான்கு மூலையில் மட்டும் போடுவது நடுத்தடுப்பை வீணாக்கிவிடும். தடுப்பு அந்தரத்தில் நின்றால் அது எதையும் தாங்கவில்லை.

கடப்பா கல்லும் ஹாலோ பிளாக்கும்

சென்னை கொளத்தூர் போல் மீன் வளர்ப்பு தொழிலாக நடக்கும் இடங்களில் ஹாலோ பிளாக் அடுக்கி மேலே கடப்பா கல் பலகை போடுவது சகஜம். துருவும் இல்லை, ஊறலும் இல்லை. பிளாக்கின் ஓட்டை மேலும் கீழுமாக நிமிர்ந்திருக்கும்படி வையுங்கள்; பக்கவாட்டில் படுக்க வைத்தால் அதன் பலம் வெகுவாகக் குறைந்துவிடும். கடப்பா கல் நசுக்கும் விசையை நன்றாகத் தாங்கும், வளைக்கும் விசையைத் தாங்காது. இரும்பு முதலில் தொய்ந்து காட்டும், கல் எதையும் காட்டாமல் ஒரே நொடியில் முறியும். ஆகவே 1½ அடிக்கு ஒரு தாங்கல் என்று நெருக்கமாக அடுக்கி, கல்லில் இயற்கையாக உள்ள ரேகை விரிசல் இருக்கிறதா என்று நீர் தெளித்துப் பாருங்கள். நீர் தெளித்துக் காயவிட்டால் விரிசல் மட்டும் ஈரமாகக் கோடு காட்டும்.

தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில்

அடிக்கண்ணாடி முழுவதும் தட்டையாக உட்காரும் தொட்டிக்கு, அதாவது நம்மூரில் ஒட்டித் தரும் பெரும்பாலான தொட்டிகளுக்கு, 10–12 மி.மீ. தெர்மோகோல் அல்லது 5–6 மி.மீ. ஃபோம் ஷீட் போட வேண்டும். ஒரு மணல் துகள் கண்ணாடிக்கு அடியில் சிக்கினாலும் அது தெர்மோகோலில் புதைந்துவிடும். ஒரே ஷீட்டாகப் போடுங்கள், துண்டுகளைச் சேர்த்து வைத்தால் இணைப்பில் உயரம் மாறும்.

சுற்றிலும் பிளாஸ்டிக் விளிம்பு போட்டு, அடிக்கண்ணாடி சற்று மேலே தூக்கியிருக்கும் தொட்டிகளுக்கு இது வேண்டாம். அவை விளிம்பில் மட்டும் உட்காரும்படி செய்யப்பட்டவை. கீழே ஃபோம் வைத்தால் விளிம்பு அதில் அமிழ்ந்து, நடுவில் ஃபோம் மேலெழும்பி அடிக்கண்ணாடியைத் தள்ளும்.

தெர்மோகோல் ஒரு மி.மீ. அளவு ஏற்ற இறக்கத்தை விழுங்கும். முறுக்கிய ஸ்டாண்டை அது சரியாக்காது. "இரண்டு தெர்மோகோல் போட்டா சரியாயிடும்" என்று கடையில் சொன்னால், ஸ்டாண்டைத் திருப்பிக் கொடுப்பதே மேல்.

தரை தாங்குமா

வீட்டு அறைகளுக்கு ஐ.எஸ். 875 இரண்டாம் பகுதி சொல்லும் பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்கு 2 கிலோ நியூட்டன், ஏறத்தாழ 200 கிலோ. நம் தொட்டி ஸ்டாண்டோடு சேர்ந்து அரைச் சதுர மீட்டருக்குச் சற்று மேலான இடத்தில் 360 கிலோ வைக்கிறது, அதாவது சதுர மீட்டருக்கு 600 கிலோவுக்கும் மேல். இதைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அலட்சியமும் கூடாது. அந்த 200 கிலோ அறை முழுவதும் பரவிய கணக்கு, ஆர்.சி.சி. தளம் ஓரிடத்துச் சுமையைச் சுற்றிலும் பகிர்ந்துகொள்ளும். நல்ல நிலையில் உள்ள கட்டடத்தில் 4 அடித் தொட்டியைச் சுவர் ஓரத்திலோ பீமுக்கு மேலோ வைக்கலாம். அறையின் நட்டநடுவில் வைக்கக் கூடாது. தளம் அதிகம் வளைவது அங்கேதான். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனியில் வெளி ஓரம்தான் ஆபத்தான இடம், அங்கே பெரிய தொட்டி வேண்டாம்.

6×2×2 அடித் தொட்டி 900 கிலோவை நெருங்கும். மாடியில் அதை வைப்பதற்கு முன் கட்டடப் பொறியாளரிடம் கேளுங்கள். மரச்சட்டங்களின் மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் என்றால் 3 அடித் தொட்டிக்கே கேட்க வேண்டும். அந்தச் சட்டங்களின் முனை சுவருக்குள் உளுத்திருப்பது வெளியே தெரியாது.

நிறுத்துதல், நிரப்புதல்

ஸ்டாண்டு நிற்கப்போகும் இடத்தில் டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். டொக்கு ஓசை வந்தால் அடியில் வெற்றிடம் இருக்கிறது. காலைச் சற்று நகர்த்தி வையுங்கள். கழுவிவிடும் வசதிக்காகத் தாழ்வாரத்திலும் கூடத்திலும் வாசல் பக்கமாக ஓட்டம் விட்டிருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. ரசமட்டத்தை மேல்சட்டத்தில் நீளவாட்டில், குறுக்குவாட்டில், இரு மூலைவிட்டங்களில் வைத்துப் பாருங்கள். தாழ்ந்த காலுக்கு இரும்புத் தகடோ கெட்டி பிளாஸ்டிக் தகடோ பேக்கிங் கொடுங்கள். அட்டையும் மரச்சிம்பும் நீர் பட்டு நசுங்கும். பேக்கிங் எப்போதும் காலுக்கும் தரைக்கும் நடுவில்தான். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு மூலையைத் தூக்கி எதையும் செருகாதீர்கள்.

நான்கு மூலைக் கால்களை முதலில் சமமாக்குங்கள். நடுக்கால்கள் பிறகு. அவற்றின் அடியில் ஒரு தாளை நுழைத்துப் பார்த்து, தாள் நுழைந்தால் அது இறுகும்வரை மட்டும் தகடு கொடுங்கள். அதிகமாகக் கொடுத்தால் ஸ்டாண்டு நடுவில் ஏறிக்கொண்டு இரு முனைகளும் தொங்கும், அது நடுக்கால் இல்லாததைவிடக் கெடுதல்.

தொட்டியை வைத்துக் கால்பங்கு நீர் விடுங்கள். எல்லாக் கால்களிலும் மீண்டும் தாள் சோதனை. பாதி நிரம்பியதும் ஒரு முறை, முழுதும் நிரம்பியதும் ஒரு முறை. நீர்மட்டத்திலிருந்து கண்ணாடியின் மேல்விளிம்புவரை நான்கு மூலைகளிலும் அளந்தால் அதைவிடத் துல்லியமான ரசமட்டம் இல்லை. 4 அடியில் 3 மி.மீ. வித்தியாசத்தை விட்டுவிடலாம். ஒரு பக்கமாகச் சீராகச் சாய்ந்திருப்பது கண்ணாடிக்குப் பெரிய ஆபத்தில்லை, கண்ணுக்குத்தான் உறுத்தும். ஒரு மூலை மட்டும் இறங்கியிருப்பது அப்படியல்ல. அங்கே தெர்மோகோலுக்கும் கண்ணாடிக்கும் இடையில் தாள் நுழையும், அல்லது ஒரு கால் தரையைத் தொடாது. அப்போது நீரை முழுதும் வடித்துவிட்டுச் சரிசெய்யுங்கள். நிரம்பிய தொட்டியை நெம்புகோல் போட்டுத் தூக்கிப் பேக்கிங் செருகுவதுதான் நல்ல தொட்டியையும் உடைக்கும் வழி.

மீன் விடுவதற்கு முன் 24 மணி நேரம் அப்படியே விட்டு மறுபடி அளந்து பாருங்கள்.

ஸ்டாண்டுக்குள் பிளக் போர்டு வைத்தால் பக்கச் சுவரில் உயர்த்தி மாட்டுங்கள். ஒயர் போர்டைவிடத் தாழ இறங்கி, வளைந்து மேலேறிப் போக வேண்டும். வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும். இரும்பு ஸ்டாண்டு இருக்கும் வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருப்பது கட்டாயம் என்றே கொள்ளுங்கள்.

பிறகு கவனிக்க வேண்டியவை

பெட்டி ஸ்டாண்டில் கதவு உரசத் தொடங்கினால் முதலில் கீலைத் திருகாதீர்கள். மேல்பலகை தொய்கிறதா, தடுப்பு இறங்கிவிட்டதா என்று நூல் பிடித்துப் பாருங்கள். தொய்வு முதலில் தெரிவது கதவில்தான். பிளைவுட்டின் விளிம்பு உப்பி, அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகையை மாற்றும் நேரம் வந்துவிட்டது, பூச்சு அடித்து மறைக்க முடியாது. இரும்பில் காலின் அடித்தகட்டைச் சுற்றியும் கீழ்ச்சட்ட இணைப்பிலும் ஆண்டுக்கு ஒரு முறை பெயிண்ட் கொப்புளம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கொப்புளத்தைத் திருகாணி முனையால் குத்தினால் ஓட்டை விழுகிறதென்றால் உள்ளே பைப் தின்னப்பட்டுவிட்டது.

அடிக்கண்ணாடியில் விரிசல் கோடு தெரிந்தாலோ, மூலையில் நீர் கசிந்தாலோ, உடனே டியூப் போட்டுப் பாதி நீரை வடியுங்கள். நீரின் எடையும் பாதியாகும், கண்ணாடியின் மீதுள்ள அழுத்தமும் குறையும். மீன்களை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு மீதியை வடித்து, ஒட்டும் முன் ஸ்டாண்டின் மேல்சட்டத்தை நூல் சோதனை செய்யுங்கள். ஸ்டாண்டு முறுக்கியிருந்தால் புதிதாக ஒட்டிய தொட்டியும் அதே மூலையில்தான் விடும்.